ரூதாபாவின் தழும்பு

காப்பியப் புலவர்கள் வீரனின் பிறப்பைச் சிறப்பித்துப் பாடுவது எம்மொழிக்கும் பொதுவான வழக்கு. நாள் நன்று என்பர். கோள் நன்று என்பர். வானம் ஒளிபெற்றது, வையம் களித்தது என்பர். அந்த வீரனை வயிற்றில் சுமந்து, நொந்து, ஈன்றவள் அவ்வேளையில் என்ன ஆனாள் என்று கேட்டால் பெரும்பாலான காப்பியங்களில் விடை கிடைப்பதில்லை. பிள்ளையின் முதற்குரல் கேட்டதும் புலவரின் பார்வை தொட்டிலின் பக்கம் திரும்பிவிடுகிறது. கட்டிலில் கிடப்பவள் இருளில் மறைந்துவிடுகிறாள்.

இவ்வழக்கிலிருந்து பெரிதும் விலகி நிற்பது, பாரசீகப் பெருங்கவி பிர்தௌஸியின் ஷாஹ்நாமாவில் இடம்பெறும் ருஸ்தமின் பிறப்புக் காட்சி. தூஸ் நகரில் 10ஆம் நூற்றாண்டில் பிறந்த பிர்தௌஸி, ஏறத்தாழ 50,000 ஈரடிகளைக் கொண்ட இக்காப்பியத்தை 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்தார். மகனென்று அறியாமலே ஸுஹ்ராபைக் கொன்ற ருஸ்தமின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். அந்த ருஸ்தம் இவ்வுலகுக்கு வந்த வழியை அறிந்தவர் சிலரே. தாயின் விலாப்புறத்தைக் கீறி எடுக்கப்பட்ட பிள்ளை அவன். இன்று நாம் 'சிசேரியன்' என்று கூறும் அறுவைதான் அது. முன்னரே நாள் குறித்துச் செய்ததன்று. பேறு தடைப்பட்டு, தாயின் உயிர் ஊசலாடிய நெருக்கடியில் செய்யப்பட்டது. இதே நெருக்கடியைக் கடந்து வந்த தாய்மார் இன்று நம் இல்லந்தோறும் இருக்கின்றனர். ஆதலின் அக்காட்சியை ஊன்றி நோக்குவது வெறும் இலக்கிய இன்பத்துக்காக மட்டும் அன்று.

காட்சியும் அதன் அமைப்பும்

காபூல் மன்னன் மிஹ்ராபின் மகள் ரூதாபா. அவள் கணவன் ஸால், நரைத்த முடியோடு பிறந்ததால் தந்தையால் மலையில் எறியப்பட்டு, ஸீமுர்க் என்னும் தெய்வீகப் பறவையால் வளர்க்கப்பட்டவன். துன்பம் வந்தால் எரித்து அழைக்கும்படி அப்பறவை தன் சிறகு ஒன்றை அவனிடம் கொடுத்திருந்தது.

ரூதாபா கருவுற்றாள். நாளாக ஆக அவளுடைய முகம் குங்குமப்பூவின் மஞ்சள் நிறம் பெற்றது, உடல் தளர்ந்தது. "என்ன நேர்ந்தது?" என வினவிய தாய் ஸின்துக்த்திடம், தன் வயிற்றில் கல்லையும் இரும்பையும் அடைத்தாற்போன்ற பாரத்தைச் சுமப்பதாகக் கூறுகிறாள். பேற்றுக்குரிய நாள் வந்தது, பிள்ளை வரவில்லை. ரூதாபா உணர்விழந்தாள். அரண்மனை அழுதது. அழுகையினிடையே ஸாலுக்குச் சிறகின் நினைவு வந்தது. தணலில் அதனை இட்டதும் ஸீமுர்க் தோன்றிற்று.

அப்பறவை கூறிய அறிவுரையின் வரிசைமுறை நோக்கத்தக்கது. கூரிய கத்தி ஒன்றும் கைத்திறன் மிக்க ஒருவனும் வேண்டும். முதலில் அப்பெண்ணுக்கு மதுவைக் கொடுத்து அவள் நெஞ்சிலிருந்து அச்சத்தையும் கவலையையும் அகற்ற வேண்டும். அதன் பின்னரே அவள் வலியுணராதவாறு விலாவைக் கீறிக் குழந்தையை எடுக்க வேண்டும். கீறிய இடத்தைத் தைக்க வேண்டும். குறிப்பிட்ட மூலிகை ஒன்றைப் பாலும் கஸ்தூரியும் சேர்த்து இடித்து, நிழலில் உலர்த்திக் காயத்தில் தடவ வேண்டும். இறுதியாகத் தன் சிறகினால் அதன்மேல் வருட வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, சிறகு ஒன்றை உதிர்த்துப் பறந்து சென்றது ஸீமுர்க்.

சொன்னவாறே மோபத் எனப்படும் சொராஸ்திரியக் குருமார் ஒருவர் வந்து அறுவையைச் செய்தார். இஸ்லாத்துக்கு முற்பட்ட ஈரானின் கதை இது. மது இங்கே மருந்தின் இடத்தில் நிற்கிறது. குழந்தை நலமாக வெளிவந்தது. ஒரு நாள் பிள்ளை ஓராண்டுப் பிள்ளை போலத் தோன்றியதாம். தாய் ஒரு பகலும் ஓர் இரவும் தன்னை மறந்து உறங்கினாள்.

இக்காட்சியில் மூன்று சிறப்புகளைக் காண்கிறோம்.

முதலாவது, கத்திக்கு முன் அச்சம் கவனிக்கப்படுகிறது. உடலுக்கு மருத்துவம் பார்க்கும் முன் உள்ளத்துக்கு மருத்துவம் பார்க்கச் சொல்கிறது பறவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண் கவிஞர், அந்நிலையிலுள்ள பெண்ணுக்கு முதலில் வருவது வலியினும் கொடிய அச்சமே என்று அறிந்திருந்தார். என்னே அவருடைய நுண்ணுணர்வு!

இரண்டாவது, ஸின்துக்த்தின் குரல். எல்லாரும் பிறக்கப்போகும் வீரனை எண்ணியிருக்க, பெற்ற தாய் மட்டும் குருதிக் கண்ணீர் சொரிந்து, விலாவின் வழியே பிள்ளை எவ்வாறு வெளிவரும் என்று கலங்குகிறாள். அறுவை அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து நிற்கும் உம்மம்மாமாரை நாம் கண்டிருக்கிறோம். "இரண்டு உயிரும் நலமாகப் பிரிய வேண்டும், ரப்பே!" என்று அவர்கள் இறைஞ்சும்போது, தம் வயிற்றில் பிறந்த உயிரே அவர்களுக்கு முதல் உயிர். பேரப்பிள்ளை அதற்கு அடுத்தது. ஸின்துக்த் அவர்களின் முன்னோடி.

மூன்றாவதே தலையாயது. விழித்தெழுந்த ரூதாபா முதலில் பேசுவது தன் தாயிடந்தான். பொன்னும் மணியும் தூவி அனைவரும் இறைவனைப் புகழ்கின்றனர். குழந்தையைக் கொண்டுவந்து காட்டுகின்றனர். அவள் புன்னகை செய்து, தான் விடுபட்டதாகவும் துயரம் முடிவுற்றதாகவும் கூறுகிறாள். விடுபட்டேன் என்னும் பொருள்தரும் 'ரஸ்தம்' என்ற அச்சொல்லின் ஒலியையே பிள்ளையின் பெயராக்குகிறார் பிர்தௌஸி. மொழிநூலார் ருஸ்தம் என்ற பெயருக்கு வேறு மூலம் கூறுவர். அது மொழிநூலின் வழக்கு. கவிதையின் வழக்கில், ஈரானின் மாபெரும் வீரனுடைய பெயர் அவனுடைய வீரத்திலிருந்து வரவில்லை. அறுவைக்குப் பின் கண்விழித்த ஒரு தாயின் பெருமூச்சிலிருந்து வந்தது. அவனைப் பெயர் சொல்லி அழைத்தவர் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அவன் தாய் பிழைத்த செய்தியையே சொல்லினர்.

சீசரின் தாயும் ருஸ்தமின் தாயும்

பிர்தௌஸியின் பெருமையை உணரப் பிற கதைகளோடு இதனை ஒப்பிட வேண்டும். 'சிசேரியன்' என்ற சொல்லை ரோமானியச் சீசரோடு இணைத்துக் கூறுவது நெடுங்கால வழக்கு. கி.பி. முதல் நூற்றாண்டின் பிளினி, சீசர் குலத்தின் முன்னோன் ஒருவன் தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டதால் அப்பெயர் வந்ததென எழுதினார். ஜூலியஸ் சீசரே அவ்வாறு பிறந்தார் என்று மக்கள் கூறலாயினர். ஆனால் அவருடைய தாய் ஒளரேலியா, மகன் நாற்பது வயதைத் தாண்டும்வரை உயிரோடிருந்தார். அக்காலத்தில் தாய் இறந்த பின்னரோ, இறக்கும் தறுவாயிலோ, சேயைக் காப்பதற்கே வயிற்றைக் கீறினர். ஆதலின் அக்கதை பொருந்தாது.

பிர்தௌஸியின் காலத்தவரான பேரறிஞர் அல்பிரூனியும் தம் 'அல் ஆஸாருல் பாகியா' என்ற நூலில் சீசர் என்ற பெயரை விளக்கும்போது, பேற்றுநோவில் இறந்த தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டவர் என்ற செய்தியைத் தருகிறார். எடின்பரோ பல்கலைக்கழகத்திலுள்ள, 1307ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்நூலின் கைப்பிரதியில் இக்காட்சி ஓவியமாகவும் தீட்டப்பட்டுள்ளது. நம் ஃபிக்ஹு நூல்களும் இச்சூழலையே ஆராய்ந்தன. இறந்த தாயின் வயிற்றில் உயிருள்ள சிசு இருப்பின் வயிற்றைக் கீறி அதனை எடுக்கலாம் என்று ஹனஃபீ, ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் கருதினர். உயிரின் மதிப்பை உணர்ந்த தீர்ப்பு அது. எனினும் அங்கும் தாய் இறந்தவள்.

ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்திலும் இப்பொருள் வருகிறது. பெண் ஈன்ற எவனாலும் தனக்குச் சாவில்லை என இறுமாந்திருந்த மக்பெத்தை, தாய் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்ட மக்டஃப் கொல்கிறான். நாடகத்தின் முடிச்சே அப்பிறப்பில்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தாய்க்குப் பெயரில்லை. ஒரு சொல் பேச்சில்லை. அவள் பிழைத்தாளா என்ற கேள்வியும் எழவில்லை. அதைவிடவும் கருதத்தக்கது ஒன்று: அறுவையால் பிறந்தவன் பெண் ஈன்றவன் அல்லன் என்ற கருத்தின்மேலேயே நாடகத்தின் திருப்பம் நிற்கிறது. மேடைக்கு அது அழகிய சூழ்ச்சி. வாழ்க்கைக்கு அது கொடிய நினைப்பு. வயிறு கிழிபட்டவள் 'பெற்றவள்' ஆகமாட்டாள் என்ற அந்நினைப்பு நாடக மேடையோடு நின்றுவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

சீசரின் தாய் கதையில் இறக்கிறாள். மக்டஃபின் தாய் மறக்கப்படுகிறாள். ருஸ்தமின் தாயோ விழித்துப் புன்னகை செய்கிறாள். பிர்தௌஸியை உயர்த்துவது இவ்வேறுபாடுதான்.

கவிதையும் மருத்துவமும்

இதனைப் படிக்கும் சிலர், அறுவைப் பேற்றைக் கண்டறிந்தவர் ஈரானியரே என்று மார்தட்டுவது உண்டு. இப்பெருமிதத்தை நாம் ஏற்பதற்கில்லை. கவிதை மருத்துவ ஏடு ஆகாது. அதே காலத்தில் அந்தலூஸில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் பேறுகாலக் கருவிகளைப் படத்தோடு விளக்கினார். அவற்றுள் பல வயிற்றிலேயே இறந்த சிசுவை வெளிக்கொணர்வதற்கு உரியவை. மருத்துவம் அன்று எட்டியிருந்த எல்லையை அது காட்டுகிறது. அவ்வெல்லைக்கு அப்பால் செல்வதற்குக் கவிஞருக்கு ஒரு பறவை தேவைப்பட்டது. மனிதனால் இயலாததை அதன் வாயிலாகச் சொல்லியிருப்பதே, அது மனிதரிடையே வழக்கில் இல்லை என்பதற்குச் சான்று.

ஆயினும் அக்கற்பனை முற்றிலும் வெறுங்கனவு என்றும் ஒதுக்குவதற்கில்லை. 1879ஆம் ஆண்டில் இன்றைய உகாண்டாவிலுள்ள கஹூரா என்ற ஊரில் இராபர்ட் ஃபெல்கின் என்ற ஆங்கிலேயர் ஓர் அறுவைப் பேற்றை நேரிற் கண்டு, 1884இல் அதனை எழுதி வெளியிட்டார். அவ்வூர் மருத்துவர் பெண்ணுக்கு வாழைப்பழ மதுவைக் கொடுத்து மயக்கினார்; அதே மதுவால் தம் கைகளையும் அவள் வயிற்றையும் கழுவினார்; கீறிப் பிள்ளையை எடுத்தார்; இரும்பு ஊசிகளால் காயத்தை மூடி, வேர்களை அரைத்த களிம்பைத் தடவினார். பதினோராம் நாளில் காயம் ஆறியிருந்ததாம். மது, கத்தி, மூடுதல், மூலிகை என்ற ஸீமுர்கின் வரிசை அங்கே அப்படியே இருப்பது வியப்பளிக்கிறது.

மேனாட்டு மருத்துவம் இவ்வரிசையை ஒவ்வொன்றாகவே அடைந்தது. ஈதர் மயக்கம் 1846இலும், பேற்றுநோவுக்குக் குளோரோஃபார்ம் 1847இலும் வந்தன. கருப்பையின் கீறலையே முறையாகத் தைக்கும் வழியை மாக்ஸ் ஸேங்கர் 1882இல் விளக்கினார். அதற்கு முன் பெரும்பாலோர் கருப்பையைத் தைக்காமல் விட்டதால் குருதிப்பெருக்கிலும் நச்சுக் காய்ச்சலிலும் தாய்மார் மாண்டனர். "தைக்க வேண்டும்" என்று பறவை சொன்ன ஒரு சொல்லின் அருமை, மாண்டவர்களின் தொகையை எண்ணினால் விளங்கும்.

கவிஞர் நிறுத்திக்கொண்ட இடம்

இத்தனை புகழ்ந்த பின்னர்க் குறையையும் கூறுவது திறனாய்வின் கடன். ரூதாபா புன்னகை செய்த உடனே, பிர்தௌஸியும் மற்றப் புலவர்களின் வழியிற் சென்றுவிடுகிறார். குழந்தையின் உருவளவில் பட்டுத்துணியால் ஒரு பொம்மை செய்து பாட்டன் ஸாமுக்கு அனுப்புகின்றனர். காபூலிலும் ஸாபுலிலும் விழா நடக்கிறது. பத்துச் செவிலியர் பாலூட்டுகின்றனர். ரூதாபா எங்கே? தையலிட்ட விலாவோடு அவள் முதன்முறை எழுந்து நின்றது எந்நாளில்? பத்துச் செவிலியர் பிள்ளையை ஏந்தியபோது, அவள் நெஞ்சில் கட்டிய பால் என்ன ஆயிற்று? கவிஞர் கூறவில்லை.

இடம் இல்லாமையால் கூறவில்லை என்பதற்கில்லை. பின்னர் இஸ்ஃபந்தியாரோடு பொருது ருஸ்தம் அம்புக் காயங்களோடு திரும்பும்போது மீண்டும் ஸீமுர்க் வருகிறது. அம்புகளைப் பிடுங்கிக் காயங்களைச் சிறகால் வருடுகிறது. காயத்தைக் கட்டி ஒரு வாரம் தீங்கு அணுகாது காக்கும்படியும், பாலில் நனைத்த சிறகைத் தடவும்படியும் சொல்லுகிறது. போர்க்களத்துக் காயத்துக்கு ஓய்வுநாள் குறித்த கவிஞர், பேற்றுக்களத்துக் காயத்துக்கு நாள் எதுவும் குறிக்கவில்லை. இரண்டும் கூரிய கருவியால் வந்த காயமே. இரண்டாவதற்கு ஒரு பிள்ளையும் கையில் இருக்கிறது.

ரூதாபாவின் துயரைக் கவிஞர் முழுமையாகப் பாடுவது ருஸ்தம் இறந்த பின்னரே. மகனை இழந்தவள் உண்ண மறுத்து, பசியால் மதிமயங்கி, செத்த பாம்பை உண்ணக் கை நீட்டுமளவுக்கு நிலைகுலைகிறாள். அப்பகுதி நெஞ்சை உருக்குவது. ஆனால் தாயின் நோவை, மகனை இழந்த துயராக வரும்போது மட்டும் பாட்டுக்கு உரியதாக்கி, அவளுடைய சொந்த உடம்பின் நோவாக வரும்போது விட்டுவிடுவது முறையா?

திருமறையை மனிதர் இயற்றிய இலக்கியத்தோடு ஒப்பிடுதல் நம் கருத்தன்று. எனினும் 'மர்யம்' என்ற 19ஆம் அத்தியாயத்தில் நமக்குக் கிட்டும் படிப்பினையை நினைவுகூர்தல் தகும். பேற்றுநோவு மர்யம் (அலை) அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொணர்ந்ததும், இதற்கு முன்பே தாம் இறந்து மறக்கப்பட்டிருக்கலாகாதா என்று அவர் வாய்விட்டு வருந்தியதும் அங்கே மறைக்கப்படவில்லை. அவ்வருத்தத்துக்காக அவர் கடிந்துரைக்கப்படவும் இல்லை. வருந்தவேண்டா என்ற ஆறுதலும், குடிக்க ஊற்றும், உண்ணக் கனியும், ஊராரிடம் பேசாதிருக்கும் அமைதியும் அவருக்கு அருளப்பட்டன. பிள்ளை பெற்றவளுக்கு வேண்டுவன எவை என்பதற்கு இதனினும் தெளிவான பட்டியல் உண்டோ? தாய் துன்பத்தோடு சுமந்ததையும் துன்பத்தோடு ஈன்றதையும் மறை வேறிடத்தில் எடுத்துரைக்கிறது. அத்துன்பம் எவ்வழியால் வந்தது என்று அது பிரித்துப் பார்க்கவில்லை.

நம் மொழியில் ஒரு சொல்

பிரித்துப் பார்ப்பவர் நாம். பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் நாம் கேட்கும் முதற்கேள்வி, "சுகப்பிரசவமா?" என்பது. இச்சொல்லைச் சற்றே ஆராய்வோம். இயல்பான வழியில் பிறந்தால் சுகப்பிரசவம். அறுவையால் பிறந்தால்? அதற்கு நம்மிடம் நல்ல சொல் இல்லை. "இல்லை, ஆபரேஷன்" என்று குரலைத் தாழ்த்திக் கூறுகிறோம். கேட்டவரும் "அச்சச்சோ!" என்கிறார். தாயும் சேயும் உயிரோடிருக்கும் நற்செய்திக்கு நம் மொழி அளிக்கும் வரவேற்பு இது. பாரசீகத்திலோ இவ்வறுவைக்கு 'ருஸ்தமீனா' என்று ருஸ்தமின் பெயராலேயே ஒரு சொல் வழங்குகிறது. ஒரே நிகழ்வை ஒரு மொழி வீரனின் பெயரால் அழைக்கிறது. மற்றொரு மொழி சுகத்துக்குப் புறம்பாக்குகிறது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019-21இல் தமிழ்நாட்டில் 100 பேறுகளில் ஏறத்தாழ 45 அறுவைப் பேறுகள். இந்தியா முழுமைக்கும் அது 21க்குச் சற்று மேல். உலக நலவாழ்வு நிறுவனம் 1985இல் 10 முதல் 15 வரையே போதும் என்றது. வேண்டாத அறுவைகள் பெருகுவதைக் கேள்வி கேட்பது சமூகத்தின் கடமை. ஆனால் அக்கேள்வியை மருத்துவமனையிடமும் அரசிடமும் கேட்க வேண்டும். தையல் ஆறாத தாயிடம் கேட்கலாகாது. தொப்புள்கொடி முந்தி வந்தபோதும், நஞ்சுக்கொடி வழியை மறித்தபோதும், சிசுவின் நெஞ்சுத் துடிப்பு தளர்ந்தபோதும் அவளிடம் இருந்தவை இரண்டே வழிகள். கையொப்பமிட்டு மேசையில் ஏறியவள் எளிய வழியைத் தேர்ந்தவள் அல்லள்.

ரூதாபா ஒரு நாள் முழுதும் உறங்கினாள். இன்றைய தாய்க்கு அந்த உறக்கமும் இல்லை. முதுகில் இட்ட ஊசியால் இடுப்புக்குக் கீழே மரத்திருக்க, துணித்திரைக்கு அப்பால் தன் வயிற்றைத் திறப்பதை அறிந்தவாறு விழித்தே கிடக்கிறாள். வலி இல்லை, இழுப்பதும் அசைப்பதும் தெரிகின்றன. மறுநாளே அவளை எழுந்து நடக்கச் சொல்கின்றனர். காலில் குருதி உறையாதிருக்க அது வேண்டும். இருமினாலும் சிரித்தாலும் தையல் சுண்டுகிறது. ஏழாம் நாளில் அகீகா விருந்துக்கு வந்தவர்கள் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும்போது, அவளால் இன்னும் நிமிர்ந்து நிற்க இயலவில்லை. மேல்தோல் விரைவில் கூடிவிடும். உள்ளே கருப்பை தேறுவதற்கு ஆறு வாரமேனும் வேண்டும். 'பச்சை உடம்பு' என்ற நம் பெரியோரின் சொல் இவளுக்கு இரட்டிப்புப் பொருத்தம். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பதும், 'இவள் நோவே அறியாதவள்' என்று பேசுவதும், மக்பெத் நாடகத்தின் அந்தக் கொடிய நினைப்பு நம் கூடத்தில் வந்து உட்கார்ந்திருப்பதன் அடையாளங்கள்.

ஆகவே நம் எழுத்தாளர்க்கு, குறிப்பாக எழுதும் ஆற்றல் பெற்ற நம் பெண்மணிகளுக்கு, ஒரு வேண்டுகோள். பிர்தௌஸி நிறுத்திக்கொண்ட இடத்திலிருந்து நீங்கள் தொடங்குங்கள். தாலாட்டு நம்மிடம் நிறைய உண்டு. தாலாட்டுப் பாடுபவளின் தையலைப் பற்றிய எழுத்து இல்லை. மயக்கம் தெளிந்து கேட்ட முதற்குரல், பிள்ளையை முதலில் மற்றவர் ஏந்தியதைக் கண்ட ஏக்கம், தன்னால் இயலாமற் போயிற்றோ என்று இரவில் எழும் வீண் ஐயம், நாற்பது நாளும் தலைமாட்டில் இருந்த தாயின் கை - இவையெல்லாம் இலக்கியத்துக்கு உரிய பொருள்களே. நேர்மையாக எழுதப்படும் ஒரு கட்டுரை, அடுத்து அம்மேசையில் ஏறப்போகும் பெண்ணின் நெஞ்சிலிருந்து அச்சத்தை அகற்றும். ஸீமுர்க் முதலில் செய்யச் சொன்னதும் அதுவே.

மற்றவர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பிள்ளை பிறந்த செய்தி கேட்டதும் "தாய் நலமா?" என்று முதலில் கேட்போம். "நலம்" என்ற விடை கிடைத்தால், பிள்ளை எவ்வழியாக வந்தாலும் அது சுகப்பிரசவமே.